ஆஸ்டின் அல்லெக்ரோ உண்மையிலேயே அவ்வளவு மோசமான காரா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 1970களில் வந்த ஆஸ்டின் அல்லெக்ரோ என்ற குடும்பக் காரின் பெயரைக் கேட்டாலே பிரிட்டனில் சிரிக்கிறார்கள். 2008-ல் நடந்த ஒரு வாக்கெடுப்பில், பிரிட்டன் தயாரித்ததிலேயே படுமோசமான கார் என்ற பட்டமும் அதற்குத்தான் கிடைத்தது. ஆனால் பழைய கார் பிரியர்களில் ஒரு கூட்டம், அது அநியாயமாகப் பழி சுமந்த வண்டி என்று வரிந்து கட்டிக்கொண்டு பேசுகிறது. இவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறதா, வெறும் பாசமா?

முக்கால்வாசி நியாயம்தான். ஊர் சிரிக்கும் காரணங்களில் பெரும்பாலானவை ஊதிப் பெருக்கிய கதைகள்; சில பட்டறையில் நடந்த கோளாறுகள். அல்லெக்ரோ மேல் சொல்ல வேண்டிய உண்மையான குறைகள் வேறு இருக்கின்றன. அவற்றுக்குக் காரணமானவர்கள் இந்தக் காரைத் தயாரித்த பிரிட்டிஷ் லேலண்ட் கம்பெனியின் நிர்வாக அறைகளில் உட்கார்ந்திருந்தார்கள். வண்டியை விரும்புகிறவர்கள் இந்த இரண்டாவது விஷயத்தைக் கொஞ்சம் மென்று முழுங்குவதுதான் எனக்குப் பிடிக்காதது.

அல்லெக்ரோ 1973 மே மாதம் அறிமுகமானது. பர்மிங்ஹாம் நகரத்தின் ஓரத்திலுள்ள லாங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் தயாரானது. பெல்ஜியத்தின் செனெஃப் தொழிற்சாலையிலும் கொஞ்சம் செய்தார்கள். அது யாருடைய இடத்துக்கு வந்தது என்பது முக்கியம். அதற்கு முன் இருந்த ஆஸ்டின் 1100, 1300 வரிசை, 1960களில் பிரிட்டனின் செல்லக் கார். 20 லட்சத்துக்கும் மேல் விற்றது. அல்லெக்ரோ 1982 வரை ஓடி, மொத்தம் சுமார் 6 லட்சத்து 42 ஆயிரம் விற்றது. தனியாகப் பார்த்தால் நல்ல எண்ணிக்கைதான், பல ஆண்டுகள் விற்பனையில் முதல் பத்துக்குள்ளும் இருந்தது. அப்பா போட்ட சட்டை பெரியதாக இருந்ததால்தான் பையன் ஒல்லியாகத் தெரிந்தான்.

சரி, நகைச்சுவைகளுக்கு வருவோம். முதலாவது, "ஓடும்போதே சக்கரம் கழன்றுவிடும்." இது முழுப் பொய் இல்லை, சில வண்டிகளில் நடந்திருக்கிறது. ஆனால் நடந்த விதத்தைப் பார்க்க வேண்டும். பழைய 1100 காரின் பின்சக்கர ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தில், பால் பேரிங் இருந்தது. அதில் நட்டை நன்றாக முறுக்கி இறுக்குவதுதான் முறை. அல்லெக்ரோவில் குண்டுகளுக்குப் பதிலாக ஒருமுனை குறுகிய உருளைகள் கொண்ட டேப்பர் ரோலர் பேரிங் போட்டார்கள். அதை அப்படி இறுக்கக் கூடாது. சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை லேசாக இறுக்கி, உருளைகள் ஒழுங்காக உட்கார்ந்ததும் திரும்பக் கொஞ்சம் தளர்த்தி, மயிரிழை அளவு ஆட்டம் விட்டு, நட்டு கழலாமல் பிடிக்கும் காட்டர் பின்னைச் செருகி வளைக்க வேண்டும். பத்து வருடமாக 1100 காரில் கைப்பழக்கம் ஏறிய மெக்கானிக், பெரிய ஸ்பானரை எடுத்து ஒரே முறுக்காக முறுக்கிவிட்டால் என்ன ஆகும்? பேரிங் சூடேறும், கிரீஸ் உருகி ஓடும், உருளைகள் நொறுங்கும், கடைசியில் ஹப்போடு சக்கரம் வெளியே வரும். வடிவமைத்தவர் மேல் ஒரு குறை உண்டு: அதே கம்பெனியின் அதே பட்டறைகளில் அதே ஆட்கள்தான் இதையும் பிரிப்பார்கள் என்று யோசித்திருக்கலாம். ஆனால் கார் தானாகச் சக்கரத்தை உதிர்த்தது என்பது கதை.

இரண்டாவது, "ஜாக்கி போட்டால் பின் கண்ணாடி தெறித்து விழும்." இதுவும் அதே ஜாதி. ஜாக்கி போடுவதற்கென்று வண்டியின் அடியில் குறித்த இடங்கள் இருந்தன. அங்கே போட்டால் ஒன்றும் ஆகாது. அவசரத்துக்குப் பட்டறை ஜாக்கியை வண்டியின் பின்னால் கண்ட இடத்தில் கொடுத்துத் தூக்கினால், பாடி முறுக்கிக்கொள்ளும். கதவு சரியாக மூடாது, கண்ணாடியும் ரப்பரை விட்டு நகரும். பாடி இன்னும் விறைப்பாக இருந்திருக்கலாம் என்பது நியாயமான விமர்சனம். ஆனால் எந்த மேடு பள்ளத்தில் போனாலும் கண்ணாடி பறந்ததுபோல் மக்கள் சொல்கிறார்களே, அதற்கு ஆதாரமே கிடையாது. இன்று பழைய கார் சந்திப்புகளில் பார்க்கும் அல்லெக்ரோக்களின் பின் கண்ணாடி கம்பெனி போட்ட இடத்திலேயே இருக்கிறது.

"முன்னால் போவதைவிடப் பின்னால் போனால் காற்று எதிர்ப்பு குறைவு" என்பது மூன்றாவது. இதற்கு அதிகம் மெனக்கெடத் தேவையில்லை. முன்பக்கம் செங்குத்தாகவும் பின்பக்கம் சரிவாகவும் இருந்த அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றுக்கும் இதைச் சொல்லிவிடலாம். ரிவர்ஸ் கியரில் யாரும் நெடுஞ்சாலையில் போவதில்லை.

நான்காவதுதான் பிரபலமானது: சதுர ஸ்டியரிங். கம்பெனி அதற்கு 'குவார்ட்டிக்' என்று பெயர் வைத்தது. முழுச் சதுரம் இல்லை. நான்கு பக்கமும் தட்டையாகி, மூலைகள் வளைந்த வட்டம். மீட்டர்கள் மறையாமல் தெரியும், தொடைக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் இடம் கிடைக்கும் என்பது அவர்கள் சொன்ன காரணம். ஜனங்கள் சிரித்த சிரிப்பில் ஓரிரு வருடத்திலேயே அதைத் தூக்கிவிட்டு வட்ட ஸ்டியரிங் போட்டார்கள். இங்கே எனக்குக் கொஞ்சம் கோபமே வரும். இன்று பெஷோ கார்களில் மேலும் கீழும் தட்டையான சின்ன ஸ்டியரிங் வருகிறது, காரணமும் அதேதான்: மீட்டர் மறையக் கூடாது. புதிய கார்வெட்டில் கிட்டத்தட்ட சதுரமாகவே இருக்கிறது. டெஸ்லா ஒருபடி மேலே போய் மேல்பாதியையே வெட்டிவிட்டு விமானத்தில் வருவதுபோல் கொடுத்தது. அவர்கள் செய்தால் புதுமை, லாங்பிரிட்ஜ் செய்தால் கோமாளித்தனமா? ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். இன்றைய கார்களில் பவர் ஸ்டியரிங் இருப்பதால் கையை மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டிய வேலை குறைவு. அல்லெக்ரோவில் அந்த வசதி இல்லை. வண்டியை நிறுத்துமிடத்தில் திருப்பும்போது விரல்களுக்கு நடுவில் மூலைகள் வந்து வந்து போவது எரிச்சல்தான்.

இவ்வளவும் தற்காப்பு. அல்லெக்ரோவைப் பாராட்டுவதற்கென்றே இருக்கும் விஷயம் ஹைட்ராகாஸ் சஸ்பென்ஷன். கேலி செய்கிறவர்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

இதை உருவாக்கியவர் அலெக்ஸ் மோல்டன். மினி காரின் ரப்பர் சஸ்பென்ஷன், 1100 காரின் ஹைட்ரோலாஸ்டிக் என்ற திரவ சஸ்பென்ஷன், சின்னச் சக்கர சைக்கிள் எல்லாம் அவர் கைவேலை. அல்லெக்ரோவில் சாதாரண ஸ்பிரிங்கும் கிடையாது, தனியாக ஷாக் அப்சார்பரும் கிடையாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் உலோகக் கூடு. அதன் மேல்பகுதியில் நைட்ரஜன் வாயு அடைத்திருக்கும். கீழே தண்ணீரும் ஆல்கஹாலும் துருத் தடுப்பும் கலந்த திரவம். இரண்டுக்கும் நடுவில் ஒரு ரப்பர் திரை. ஸ்பிரிங் செய்ய வேண்டிய வேலையை வாயு செய்கிறது. துள்ளலை அடக்கும் வால்வும் அதே கூட்டுக்குள்ளேயே இருக்கிறது. அப்புறம் கெட்டிக்காரத்தனமான பகுதி: இடது முன்சக்கரத்தின் கூட்டையும் இடது பின்சக்கரத்தின் கூட்டையும் ஒரு குழாய் இணைக்கிறது, வலது பக்கத்திலும் அப்படியே. முன்சக்கரம் மேட்டில் ஏறினால் அங்கிருந்து தள்ளப்படும் திரவம் பின்னால் ஓடி, பின்பக்கத்தையும் சற்றுத் தூக்குகிறது. வண்டி மூக்கைத் தூக்கி ஆடாமல் தட்டையாகவே ஏறி இறங்குகிறது.

லாங்பிரிட்ஜுக்கு எதிரே காஃப்டன் பார்க்கில் ஆண்டுதோறும் பழைய கார்க்காரர்கள் கூடுவார்கள். அங்கே ஓர் அல்லெக்ரோ உரிமையாளர் இதை யாருக்கு வேண்டுமானாலும் செய்து காட்டுவார். முன் மட்கார்டின் மேல் இரண்டு கையையும் வைத்து மெதுவாக அழுத்தச் சொல்வார். அழுத்தினால் அதே பக்கத்தின் பின்புறம் மெல்ல மேலெழும். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி ஸ்பிரிங் வைத்த சாதாரணக் காரில் இதைப் பார்க்க முடியாது. அதே கம்பெனியின் பின்னால் வந்த பிரின்சஸ், மெட்ரோ கார்களுக்கும், முன்பே விற்பனையில் இருந்த மேக்ஸிக்கும் ஹைட்ராகாஸ் போனது. 1995-ல் வந்த எம்ஜி எஃப் ஸ்போர்ட்ஸ் காரிலும் அதுதான். ஆக, 'மோசமான கார்' கொண்டுவந்த தொழில்நுட்பம் இருபது வருடம் கழித்து ஸ்போர்ட்ஸ் காரில் பெருமையாக உட்கார்ந்திருந்தது.

மற்றவையும் சும்மா இல்லை. 1973-ல் பிரிட்டனில் அதிகம் விற்ற ஃபோர்டு எஸ்கார்ட், கார்ட்டினா இரண்டும் பின்சக்கரத்தால் ஓடியவை. அல்லெக்ரோ முன்சக்கரத்தால் ஓடியது. அதன் 1500, 1750 சிசி மாடல்களில் ஐந்து கியர். மறுவருடம் வந்து உலகப் புகழ் பெற்ற ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபில் அப்போது நான்குதான். துருப்பிடிப்பதிலும் அல்லெக்ரோ அவ்வளவு மோசமில்லை. அதே காலத்து இத்தாலியக் காரான அல்ஃபாசுட் ஓட்டுவதற்குத் தேன் மாதிரி இருக்கும் என்று எல்லோரும் கொண்டாடுவார்கள். ஆனால் அது கண்ணெதிரிலேயே துருவாகிப் போகும். நினைவில் நிற்பது எது என்பதில் நியாயம் பார்க்க முடியாதுபோல.

சின்ன மாடல்களில் இருந்த 1100, 1300 எஞ்சின்கள் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் புகழ்பெற்ற ஏ-சீரீஸ் குடும்பம். யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடும் மாரிஸ் மைனர்களைப் பார்த்திருப்பீர்கள். அதில் கடைசியாக வந்த 1098 சிசி எஞ்சினும் அல்லெக்ரோ 1100 எஞ்சினும் ஒரே வம்சம். அல்லெக்ரோவில் குறுக்கே வைத்து, கியர் பாக்ஸை எஞ்சினுக்கு அடியிலேயே வைத்தார்கள், அவ்வளவுதான். மைனரைப் பிரித்துக் கோர்த்த யாழ்ப்பாண மெக்கானிக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் இது புரியும்.

இனி, ஆதரவாளர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்ளும் இடம். வடிவமைப்பாளர் ஹாரிஸ் மான் முதலில் வரைந்த கார் தாழ்வானது, நீளமான கோடுகள் கொண்டது, அழகானது. அந்த ஓவியத்தையும் தொழிற்சாலையிலிருந்து வந்த காரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே கார் என்று நம்ப முடியாது. என்ன நடந்தது? மேக்ஸி காருக்கென்று செய்த இ-சீரீஸ் எஞ்சினைப் பெரிய மாடல்களில் போட்டே ஆக வேண்டும் என்றது நிர்வாகம். அது ஏற்கெனவே உயரமான எஞ்சின். கியர் பாக்ஸும் அதற்குக் கீழே இருப்பதால் இன்னும் உயரம். கம்பெனியின் இன்னொரு காரான மாரினாவுக்கென்று பெரும் செலவில் செய்த ஹீட்டரும் இருந்தது. செலவழித்தாயிற்றே, இதிலும் போடு என்றார்கள். அது ஒரு பெட்டகம். எஞ்சினுக்கும் ஹீட்டருக்கும் இடம் கொடுக்க பானெட் உயர்ந்தது, டேஷ்போர்டு உயர்ந்தது, அதோடு சேர்ந்து கதவும் பக்கவாட்டும் உப்பின. மான் வரைந்த கத்தி, பொரித்த பூரியாக வெளியே வந்தது.

டிக்கி விஷயமும் அப்படித்தான். பார்த்தால் பின்கதவு முழுதாகத் திறக்கும் ஹேட்ச்பேக் போலவே இருக்கும். திறந்தால் கண்ணாடிக்குக் கீழே சின்ன மூடி மட்டும் தூக்கிக்கொள்ளும். மேக்ஸி ஏற்கெனவே ஹேட்ச்பேக். அந்தச் சிறப்பு அதற்கு மட்டுமே இருக்கட்டும் என்று முடிவெடுத்திருந்தார்கள். 1973-ல் இது பெரிய தவறாகத் தெரியவில்லை. சிட்ரோவன் ஜிஎஸ்ஸுக்கும் அல்ஃபாசுட்டுக்கும் அப்போது முழுப் பின்கதவு கிடையாது. ஆனால் 1974-ல் கோல்ஃப் வந்த பிறகு, வருடத்துக்கு வருடம் அந்தச் சின்ன மூடி பழசாகிக்கொண்டே போனது. 1975-ல் எஸ்டேட் மாடல் வந்தது, அதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

தயாரிப்புத் தரத்தையும் மறைக்க முடியாது. முதல் இரண்டு வருட வண்டிகளை வாங்கியவர்கள் பட்ட பாடு உண்மை. அந்த வருடங்கள் எப்படிப்பட்டவை என்று நினைத்துப் பாருங்கள். 1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி. 1974 ஜனவரி முதல் மார்ச் வரை மின்சாரத்தை மிச்சப்படுத்த நாடு முழுக்க வாரத்தில் மூன்று நாள் வேலை. தொழிற்சாலையில் ஓயாத வேலைநிறுத்தம். 1975-ல் கம்பெனி திவால் விளிம்புக்குப் போய் அரசு கையில் எடுத்தது. அன்றிலிருந்து பத்திரிகைகளுக்கு அல்லெக்ரோ வெறும் காராக இல்லை. வரிப்பணம் தின்னும் அரசுத் தொழிலுக்குக் கிடைத்த கேலிச்சித்திரம் ஆகிவிட்டது. லாங்பிரிட்ஜ் தொழிற்சங்கத் தலைவர் டெரெக் ராபின்சனுக்கு 'ரெட் ராபோ' என்று பட்டப்பெயர் வைத்து எழுதித் தீர்த்த அதே பக்கங்களில்தான் இந்தக் காரும் அடி வாங்கியது. அவரை 1979-ல் வேலையை விட்டு நீக்கினார்கள். கார் இன்னும் மூன்று வருடம் தாக்குப்பிடித்தது.

1975 இறுதியில் வந்த, திருத்திய இரண்டாம் வரிசை (சீரீஸ் 2) மாடலில் பின்சீட்டில் கால் வைக்க இடம் கூடியது. சஸ்பென்ஷன், பிரேக், எஞ்சின் பிடிப்புகள் எல்லாவற்றையும் திருத்தினார்கள். 1979-ல் மூன்றாம் வரிசை. அதை ஓட்டிப் பார்த்துவிட்டு மோசமான கார் என்று யாராவது சொன்னால், அவர் வாக்கெடுப்பை மட்டும் படித்தவர் என்று நான் முடிவு கட்டிவிடுவேன். ஆனால் அதற்குள் பெயர் கெட்டாயிற்று.

இந்தக் கதை சென்னைக்காரர்களுக்குப் புதிதாக இருக்காது. வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1985-ல் விட்ட ஸ்டாண்டர்டு 2000 நினைவிருக்கிறதா? அது இதே பிரிட்டிஷ் லேலண்ட் செய்த ரோவர் எஸ்டி1. 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு வாங்கிய உடம்பு அது. அங்கே 3.5 லிட்டர் வி8 எஞ்சின் இருந்த இடத்தில், இங்கே கைவசம் இருந்த பழைய 2 லிட்டர் எஞ்சினை வைத்தார்கள். சில வருடத்திலேயே கதை முடிந்தது. கைவசம் இருக்கிறதே என்று ஒன்றைத் திணித்துக் காரைக் கெடுப்பது லாங்பிரிட்ஜில் மட்டும் நடந்ததில்லை.

இவ்வளவு விற்ற வண்டி எங்கே போனது என்று கேட்பீர்கள். இன்று பிரிட்டன் சாலைகளில் ஓடும் நிலையில் சில நூறுதான் இருக்கும். மோசமான கார் என்பதால் அழிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1980களிலும் 90களிலும் மினி பைத்தியங்கள் அல்லெக்ரோ 1300-ஐ அடிமாட்டு விலைக்கு வாங்கி, அதன் 1275 சிசி எஞ்சினைக் கழற்றி மினியில் போட்டுக்கொண்டு, மீதியைப் பழைய இரும்புக்குத் தள்ளினார்கள். கொண்டாடப்படும் எத்தனையோ மினிகளின் பானெட்டுக்குள் துடிப்பது கேலி செய்யப்பட்ட அல்லெக்ரோவின் இதயம். இந்தச் செய்தியை ஒரு மினி உரிமையாளரிடம் சொல்லிவிட்டு முகத்தைப் பாருங்கள், நல்ல வேடிக்கை.

மிஞ்சியவற்றைக் காப்பாற்ற அல்லெக்ரோ கிளப் இன்டர்நேஷனல் என்ற சங்கம் இருக்கிறது. 2014-லிருந்து, சாதாரணக் கார்களுக்கென்றே, பழைய கார்களுக்குக் காப்பீடு தரும் ஹேகர்ட்டி நிறுவனம் பிரிட்டனில் ஒரு விழா நடத்துகிறது. ஃபெராரிக்கு அங்கே இடமில்லை. அப்பா அலுவலகத்துக்கு ஓட்டிப்போன வண்டிகளுக்குத்தான் மரியாதை. அங்கே அல்லெக்ரோ பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பதில்லை, "எங்கள் வீட்டிலும் இருந்தது, இதே நிறம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

நீங்கள் பிரிட்டனில் இருந்து, வாங்கும் எண்ணமும் இருந்தால் சில விஷயங்கள். முதலில் சற்றுத் தள்ளி நின்று பக்கவாட்டில் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் திரவம் கசிகிறது. பம்ப் வைத்திருக்கும் ஆளிடம் போய் ஏற்றிக்கொள்ளலாம். உயரம் சரியாக இருந்தும் கல்லில் மோதுவதுபோல் குலுக்கினால் நைட்ரஜன் போய்விட்டது என்று அர்த்தம். புதுக் கூடுகள் இப்போது தயாராவதில்லை. பழைய கூட்டில் வால்வு பொருத்தி வாயு நிரப்பித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். சக்கர வளைவுகளையும் கதவின் அடிப்பக்கத்தையும் தட்டிப் பாருங்கள். பின்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள், கரகரவென்று சத்தம் வந்தால் யாரோ பழைய வழக்கப்படி இறுக்கியிருக்கிறார்கள். 1100, 1300 எடுத்தால் எஞ்சின் சாமான்களுக்குக் கவலையில்லை, மினியின் புண்ணியத்தில் எல்லாம் கிடைக்கும். 1500, 1750 எஞ்சின்களுக்குத் தேட வேண்டும்.

வசதி இருந்தால் வான்டன் பிளா 1500 பாருங்கள். அல்லெக்ரோவுக்குப் பெரிய குரோம் கிரில் மாட்டி, லண்டன் கிங்ஸ்பரியில் தோல் சீட்டும் வால்நட் மரமும் போட்டு முடித்த மாடல். மூக்கு கொஞ்சம் விகாரம்தான், நான் மறுக்கவில்லை. உள்ளே உட்கார்ந்துவிட்டால் மூக்கு தெரியாது. முன்சீட்டின் முதுகில் மடித்து வைக்கும் இரண்டு மர மேசைகள் இருக்கும். இரண்டும் உடையாமல் கீல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். எஞ்சினைக்கூடத் தேடிப் பிடித்துவிடலாம், அந்த மேசைகள் லேசில் கிடைக்காது.